பின்பாரம்

அபிராமபுரத்தில் நான்கு பிளாக்குகள் கொண்ட அந்தக் குடியிருப்புக்கு ஒரு டிராக்டர் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் நான் சொல்வேன். என்னை யார் கேட்டார்கள்? நடுவில் முக்கால் ஏக்கர் புல்வெளி இருந்தது, சங்கத்துச் செயலாளர் நிஷா மேடத்துக்கு ஆசை இருந்தது. புகை விடாத, சத்தம் போடாத சிவப்பு நிறப் பேட்டரி டிராக்டர் ஒன்று வந்து இறங்கியது. வயிற்றுக்கடியில் புல் வெட்டும் பிளேடு, பின்னால் குப்பை அள்ளக் குட்டி டிரெய்லர், மேலே உட்கார்ந்து ஓட்டத் தோட்டக்காரன் டில்லிபாபு. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற அவனை, டிராக்டரில் உட்கார்ந்தால் யாரோ பண்ணையார் மாதிரி இருக்கிறான் என்று வாட்ச்மேன் கோதண்டபாணி கேலி செய்வான்.

மூன்று மழைக்காலம் ஓடியபின் டிராக்டரின் பழைய ஈய பேட்டரிகள் செத்துப்போயின. ராயப்பேட்டையிலிருந்து மெக்கானிக் கலீமுல்லா பாய் வந்து லித்தியம் பேட்டரி மாட்டினார். புது பேட்டரி தங்கமான பேட்டரி. ஒரே வம்பு, அதற்குக் கனமில்லை. பழைய நான்கும் சேர்ந்து நூற்று இருபது கிலோ இருந்தன, இது நாற்பத்தைந்துதான். அந்தக் கனம் முழுக்கப் பின் சக்கரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது, அது போன பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சார்ஜ் போடும் இடம் கீழே பேஸ்மென்ட்டில். ஐப்பசி மழையில் பாசி பிடித்திருந்த சரிவில் ஏறும்போது பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின.

"பின்பாரம் பத்தல டில்லி," என்றார் பாய். "எழுபத்தஞ்சு கிலோ காணாமப் பூடுச்சுல்ல? அத்த திருப்பி வைக்கணும். ஆங்கிள்ல ஒரு தட்டு வெல்டு பண்ணித் தர்றேன். மூணு மூட்டை மணல் கட்டு. ஒண்ணொண்ணும் இருவத்தஞ்சு கிலோ. பின் சக்கரத்துக்கு நேரா குந்தணும், ஆடக்கூடாது."

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பழைய கட்டட வேலையில் மிஞ்சிய மணல் இரண்டு மூட்டைக்குத் தேறியது. மூன்றாவதுக்கு எங்கே போவது? சென்னையில் தங்கம் கிடைக்கும், ஆற்று மணல் கிடைக்காது. நிஷா மேடமோ சரிவின் மேல்முனையில் இடுப்பில் கை வைத்து நின்று, "இன்னிக்கு ஏறலைன்னா வண்டிய வித்துடலாம், மெஷினும் ஆளும் கம்பெனிலேர்ந்தே அனுப்பறாங்களாம்," என்றாள். அந்த ஆளில் டில்லிபாபு இல்லை என்பதை அவள் சொல்லாமலே அவன் புரிந்துகொண்டான்.

அப்போதுதான் சி பிளாக்கின் பின்பக்கம், குழாயடி ஓரத்தில் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பைப் பார்த்தான். விளிம்பு வரை நல்ல மணல், ஈரமாக. யாரோ செடி வைக்க வாங்கி மறந்துவிட்டது என்று நினைத்தான். மணலின் மேல் கொஞ்சம் எள் சிதறிக் கிடந்தது. அதைப் பார்க்கவே இல்லை என்று பின்னால் எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய். பார்த்தான். மேடம் காத்திருந்ததால் பார்க்காத மாதிரி மண்வெட்டியைப் போட்டான். முக்கால் டப்பை அரிசிச் சாக்கில் கொட்டி, அடியில் கொஞ்சம் விட்டுவைத்து, வாயை இறுக்கிக் கட்டினான்.

சி பிளாக் முதல் மாடியில் அனந்தராமன் சாரின் மனைவி தவறிப்போய் அன்றைக்கு மூன்றாம் நாள். டில்லிபாபுவுக்கு அது தெரியாமல் இல்லை. கேட் வரை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தவன்தான். மாமி நல்ல மாதிரி. செம்பருத்திக் கிளையை ஒடித்துவிட்டால் மட்டும் மாடியிலிருந்து கத்துவாள். ஆனால் டில்லிபாபுவின் சனங்களில் இறந்தவருக்கு வைக்கிற கல் ஆற்றங்கரையில் நிற்கும், காரியத்தன்று தண்ணீரில் போகும். ஐயர் வீடுகளில் அதை வாசலிலும் ஊன்றுவார்கள், ஃபிளாட் என்றால் ஒரு டப்பில் மணல் நிரப்பி அதற்குள் புதைத்துவைத்து, இறந்தவரின் தாகம் தீரப் பத்து நாளும் காலையில் தண்ணீர் விடுவார்கள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் வேலைக்கு வருவதே ஒன்பது மணிக்கு. மாமியின் மகன் ஏழு மணிக்கே எல்லாம் முடித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவான்.

மூன்று மூட்டையும் கட்டியதும் டிராக்டர் சரிவில் சமர்த்தாக ஏறியது. மேடம் கைதட்டினாள். டில்லிபாபுவுக்குத் தொண்டை வறண்டது. வெயிலில் மண் அள்ளினது என்று ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தான். தாகம் அடங்கவில்லை. இன்னொன்று குடித்தான்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குப் புல்வெட்டிக்கொண்டே சி பிளாக் பக்கம் வந்தபோது டிராக்டர் நின்றது. பெட்ரோல் வண்டி என்றால் உறுமி, இருமி, நின்றேன் என்று சொல்லிவிட்டு நிற்கும். இது சொல்லாமல் நின்றது. திரையில் பேட்டரி பூஜ்யம் காட்டியது. காலையில்தான் முழுசாக ஏற்றியிருந்தான். தலையைச் சொறிந்துகொண்டு இறங்கப் போனபோது மேலேயிருந்து சளசளவென்று தண்ணீர் விழுந்தது. முதல் மாடி பால்கனியில் அனந்தராமன் சார் வெள்ளி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றார்.

"இன்னா சார், ஆள் கீறேன்ல?" என்றான் டில்லிபாபு.

பெரியவர் தண்ணீர் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மூன்றாவது மூட்டையின் மேல் விழுந்திருந்தது, ஆனால் சாக்கில் ஈரமே தெரியவில்லை. திரையில் எண்பத்திரண்டு என்று வந்தது, வண்டி தானாகச் செல்லம் கொஞ்சுகிற மாதிரி ஒருமுறை குலுங்கியது. அதற்குப் பிறகு தினமும் இதே கதை. மூன்று மணி, சி பிளாக், பூஜ்யம், ஒரு டம்ளர் தண்ணீர். வேறு வழியாகத் திருப்பிப் பார்த்தான். ஸ்டியரிங் கையை மீறி இந்தப் பக்கமே இழுத்தது.

"பெரியவருக்கு மாமி பூட்டதுல மூளை கொழம்பிக்கீது," என்றான் கோதண்டபாணி. "அத்த வுடு. நீ ஏன் என் ரூம்ல கீற தண்ணி கேனையெல்லாம் காலி பண்ற? காலைல போட்ட கேன் நைனா அது! இருவது லிட்டரு!"

உண்மைதான். டில்லிபாபு குடித்துக்கொண்டே இருந்தான். முதலில் டிராக்டரில் உட்கார்ந்தால் மட்டும் இருந்த தாகம், பிறகு பஸ்ஸிலும் கூட வந்தது, பெரும்பாக்கத்து ஆறாவது மாடிக்கும் ஏறி வந்தது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். அவன் டாக்டரிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. குடித்த தண்ணீர் வெளியே வரவேயில்லை. வேர்வையும் இல்லை, மூத்திரமும் இல்லை. இருபது லிட்டர் எங்கே போகிறது? பயந்தான். வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லாத பயம்.

பின் டயர் இரண்டும் சப்பையாக அழுந்திக் கிடப்பதாகப் பாய்க்குப் போன் போனது. அவர் தொங்கு தராசோடு வந்தார். முதல் மூட்டை இருபத்தைந்து கிலோ, இரண்டாவது இருபத்தைந்து. மூன்றாவதைக் கொக்கியில் மாட்டியதும் முள் நாற்பத்தொன்றுக்குப் போய் நின்றது.

"ஈரம் குடிச்சிருக்கும்," என்று சொல்லிக்கொண்டே பாய் கட்டைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. கடலை வறுத்து இறக்கின மணல் மாதிரி சூடு.

"காஞ்சி கீது பாய்?"

"காஞ்சிதான் கீது." பாய் கையைத் துணியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். எதையாவது சொல்வார் என்று டில்லிபாபு காத்திருந்தான். "தொழுகைக்கு நேரமாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு, கருவிப் பெட்டியை வாரிக்கொண்டு போனார். தராசை மறந்துவிட்டுப் போனார், அப்புறம் அதைக் கேட்டும் வரவில்லை.

பத்தாம் நாள் மதியம் கோதண்டபாணி ரூமில் சோறு தின்றுகொண்டே கதை சொன்னான்.

"காலைல கூத்தக் கேளு. சி டூவுல, அதான் மாமி வூட்டுல, கல்லு எடுக்குற நாளு. அந்தப் பையன் டப்புல தோண்டுறான், தோண்டுறான், கல்லே காணோம். மணல் கொறஞ்சதக்கூட, தண்ணி ஊத்த ஊத்த அமுங்கிப்பூட்சுன்னு நெனச்சிக்கினு இருந்தான் போல. அடி வரைக்கும் கொட்டிப் பாத்துட்டாங்க. பிளைட்டு டிக்கெட்டு போட்டுட்டான் போல. கடைசில கூட வந்த ஐயரு தரையில கெடந்த மூணு ஜல்லியப் பொறுக்கி, மன்சு சுத்தமா இருந்தா போதும்னு மந்திரத்தச் சொல்லி முடிச்சாரு. பெரியவரு இன்னா பண்ணாருன்ற? மேலேர்ந்து வேடிக்கை பாத்துக்கினு இருந்தாரு. வாயத் தொறக்கல."

"இன்னா டப்பு?" என்றான் டில்லிபாபு. கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"கொழாயாண்ட கீதே, கறுப்பு டப்பு."

அந்த நொடியே மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். மகன் இன்னும் நான்கு நாள் இங்கேதான் இருந்தான். ஓடிப்போய், தப்பு நடந்துபோச்சு, கல் என் மூட்டையில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டில்லிபாபு ஓடவில்லை. வேலை போய்விடுமே என்று பயந்தான். செத்தவங்க கல்லைத் தூக்கி வண்டிக்குப் பாரமாக வைத்தவன் என்று நான்கு பிளாக்கும் பேசுமே என்று பயந்தான். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாக்கு அண்ணத்தில் ஒட்ட ஒட்ட நான்கு நாள் கடத்தினான். பதினான்காம் நாள் விடியற்காலை மகன் அமெரிக்காவுக்குக் கிளம்பிப் போனான்.

தாகம் அன்றைக்கு உயிரை எடுத்தது. உதடு வெடித்து ரத்தம் வந்தது. வீட்டில் தேவானை, "இன்னாயா, மூஞ்சி பொணமாட்டம் கீது," என்று அழுதே விட்டாள். அந்தச் சொல் அவனைக் கிளப்பியது. வேலைக்கு வந்ததும் பேஸ்மென்ட்டில் தார்பாயை விரித்து மூன்றாவது மூட்டையைக் கொட்டினான். மணலுக்கு நடுவில் சின்னதாக மூன்று கூழாங்கற்கள், தர்ப்பையில் சுற்றியவை. ஒரு கைக்குள் அடங்கின. கால் கிலோகூட இருக்காது என்று பார்த்தால் தெரியும். தூக்கும்போது தோள்பட்டை இறங்கியது.

சி டூ கதவு திறந்தேதான் கிடந்தது. அனந்தராமன் சார் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீடு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. டில்லிபாபு செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கையை நீட்டினான். பேச்சு குழறியது.

"சார், நான் தெரியாம, வண்டிக்கு கனம் பத்தலைன்னு அந்த மணலை..."

"தெரியும்," என்றார் பெரியவர்.

"இன்னா சார்?"

"நீ மண்வெட்டி போட்டப்போ நான் பின் ஜன்னல்ல நின்னுண்டிருந்தேன். பாத்தேன்."

டில்லிபாபு நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். "பாத்தீங்களா? பாத்துட்டு சும்மா இருந்தீங்களா? உங்க புள்ள தோண்டித் தோண்டி..."

"அவன் பத்தாம் நாள் முடிச்சுட்டுக் கிளம்பிடுவான். அவளும் கிளம்பிடுவா. இந்தாத்துல நான் யாரோட பேசறது?" குரலை உயர்த்தாமல், கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். "நீ தூக்கிண்டு போனே. சரி, அவ இங்கேதானே சுத்திண்டிருப்பான்னு விட்டுட்டேன். மூணு மணிக்கு அவளுக்குக் காபி வேணும். வந்து நிப்பா. வந்தாளே தினம். கல்லுக்குக் காபி விடக் கூடாது, அதான் ஜலம் விட்டேன். கல்லைப் பழையபடி மூட்டையில போட்டுடு டில்லி. யாருக்கும் நான் சொல்லமாட்டேன். உன் வேலைக்கு நான் பொறுப்பு."

டில்லிபாபு நான்கு நாளாகக் கேட்க ஏங்கிய வார்த்தை அது. வேலை போகாது, யாருக்கும் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் தொண்டை அவனைத் திரும்பவிடவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது, இத்தனை நாள் பயமாக இருந்ததெல்லாம் கோபமாக வந்தது.

"தாகத்துல துடிக்கிறாங்க சார் அவங்க! உங்களுக்கு இன்னா தெரியும்? தொண்டை காயறது என்க்குல்ல!" சமையலறைக்குள் போய் ஒரு தாம்பாளத்தையும் குடத்தையும் தூக்கி வந்தான். கேட்கவில்லை, தூக்கி வந்தான். தாம்பாளத்தில் கற்களை வைத்துக் குடத்துத் தண்ணீரை அப்படியே சாய்த்தான்.

தாம்பாளத்தில் ஒரு சொட்டு நிற்கவில்லை. வழியவும் இல்லை. தண்ணீர் கற்களைத் தொட்டது, காணாமல் போனது. குடம் காலியானபின் அனந்தராமன் சார் குனிந்து தாம்பாளத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். காய்ந்திருந்தது.

"இன்னொரு குடம் இருக்கு," என்றார் மெதுவாக. "அதையும் விடு."

அதையும் விட்டான். அதுவும் போயிற்று.

பெரியவர் காலிக் குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "நான் தினம் ஒரு டம்ளர் விட்டுண்டு, அவளை நன்னா வெச்சுண்டிருக்கேன்னு நெனச்சிண்டிருந்தேனேடா," என்றார். சொல்லிவிட்டு, ஐந்து வயதுக் குழந்தை மாதிரி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டில்லிபாபுவும் அழுதான். கண்ணீர் வரவில்லை, கண் எரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மனைவியைத் தூக்கிப்போன நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மாடிப்படி இறங்கினார்.

ஆட்டோ பிடித்து பட்டினப்பாக்கம் தாண்டி, அடையாறு கடலோடு சேர்கிற இடத்துக்குப் போனார்கள். நல்ல வெயில். பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மீன் வறுக்கிற கடையில் ஒரு பொம்பளை எண்ணெயை ஊற்றிக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கற்கள் பெரியவரின் வேட்டி மடியில் இருந்தன. அவர் இடுப்பு ஒடிந்தவர் மாதிரி வளைந்து நடந்தார், டில்லிபாபு முழங்கையைத் தாங்கிக்கொண்டான். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார்கள்.

"மந்திரம் எதாச்சும் சொல்லணுமா சார்?"

"என் பிள்ளை ஜல்லிக்கு எல்லா மந்திரமும் சொல்லியாச்சு. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பறேன், அது போதும்." கண்ணை மூடிக்கொண்டார். "ஜெயலக்ஷ்மி," என்றார். மாமிக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது என்பதே டில்லிபாபுவுக்கு அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொன்றாக விட்டார். டில்லிபாபு எண்ணினான். மூன்றாவது கல் தண்ணீருக்குள் போன அந்தக் கணம் அவன் வாயில் எச்சில் ஊறியது. பன்னிரண்டு நாளில் முதல் எச்சில். அதைப் பாயசம் மாதிரி விழுங்கினான். நெற்றியில் வேர்வை அரும்பியது. கடல் காற்று குளிர்ச்சியாக இருந்தது, வறுக்கிற மீன் மணத்தது, பசித்தது. அவனுக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. முடிந்தது, அவ்வளவுதான், முடிந்தது.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் எவரும் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து நடந்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்களும் போயிட்டு வாங்க என்று சொல்வதில்லை. மூன்று வயதுக் குழந்தை மறந்துபோய்ச் சொன்னால்கூட வாயைப் பொத்திவிடுவார்கள். அவ்வளவு பெரிய விஷயம் அது.

அனந்தராமன் சார் கடலைப் பார்த்து நின்றார். கோயிலுக்கோ கறிகாய் வாங்கவோ புறப்படுகிற ஒருத்தியைக் கதவோரம் நின்று அனுப்புகிற மாதிரி, வலது கையை லேசாகத் தூக்கினார்.

"போயிட்டு வா, ஜெயா."

டில்லிபாபு அவர் கையைப் பிடித்து இழுத்தான். "சார்! வான்னு சொல்லாதீங்க சார். போன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் திரும்பவில்லை. "அம்பத்தோரு வருஷமா அவ எங்கே கிளம்பினாலும் இதைத்தான் சொல்லியிருக்கேன். வேற சொல்ல எனக்கு வரலைடா."

"மாத்திச் சொல்லுங்க சார். இப்பவே சொல்லுங்க!"

பெரியவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. போ என்கிற அந்த ஒற்றை எழுத்து வெளியே வரவேயில்லை. பிறகு அவர் கரையைப் பார்த்துத் தானாகவே நடக்க ஆரம்பித்தார், வரும்போது இல்லாத நிமிர்வோடு, பக்கத்தில் யாரோ கூட வருகிற மாதிரி கொஞ்சம் இடம் விட்டு.

பின்னாலேயே ஏறி வந்த அலை இரண்டு பேர் காலையும் நனைத்துவிட்டு இறங்கியது. பெரியவர் மிதித்த மணல் ஈரமாக மின்னியது. டில்லிபாபு நின்ற இடத்தில் மட்டும், தண்ணீர் விலகிய மறுநொடி, காலைச் சுற்றி மணல் வெளுத்துக் காய்ந்தது. அவன் எச்சில் விழுங்கிப் பார்த்தான். விழுங்குவதற்கு வாயில் ஒன்றும் இல்லை.